வால் பக்கம் பத்து ராத்தல் உப்பு

சென்ற மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், தான் ஹெலிகாப்டர் ஓட்டப் படிப்பதாகச் சொன்னாள். பெயர் பிரியா. நான் அதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையிலிருந்த திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு பச்சைக் கட்டமும் கட்டத்துக்குள் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரிந்தன.

"ஆளு எடை, பெட்ரோல், சாமான் எல்லாத்தையும் தட்டி விட்டா புள்ளி வந்துரும் அங்கிள். கட்டத்துக்குள்ள இருந்தா பறக்கலாம். எக்ஸாம்கூட பாஸ் பண்ணிட்டேன். ஆனா டேட்டம், ஆர்ம், மொமென்ட்டுனு கேட்டா வாயில வருது, மனசுல ஒண்ணும் வரமாட்டேங்குதுலா. புள்ளி வெளிய போனா நெசமாவே என்ன ஆகும்?"

நான் பதில் சொல்லத் தொடங்கியபோது படம் எடுக்க அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவுக்கு ரப்பர் ஷீட் புகை போடும் வேலை. அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தமிழ் நாளேட்டுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சாலை விபத்து, அவ்வளவுதான் செய்தி. எண் எழுதினால் யார் எண்ணியது என்றும் எழுத வேண்டும், தமிழில் சொல்ல வராத விஷயம் உனக்குப் புரியாத விஷயம் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். இரண்டும் பின்னால் உதவின.

ரப்பர் மரங்களின் இலைநோய்க்கு ஹெலிகாப்டரில் மருந்தடிக்க ஒரு நிறுவனம் எங்கள் கெடா மாநிலத்துக்கு வந்தது. செய்தி எடுக்கப் போனேன். மருந்து கலக்கித் தொட்டியில் ஏற்றவும், தோட்டத்து மக்களை எட்டி நிற்கச் சொல்லவும் தமிழ் பேசும் ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அங்கேயே தங்கிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, தரைப் பணியாளர்களில் இருவரை விமானியாக்கலாம் என்று நிறுவனம் முடிவு செய்தபோது அந்த இருவரில் நானும் ஒருவன். ஹெலிகாப்டரை முழங்கால் உயரத்தில் ஓரிடத்தில் நிற்க வைக்கக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை சட்டை நனைந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த வேலை கைக்குத் தானாகப் பழகிவிடும். எனக்குப் பிடிபடாமல் இருந்தது எடைக் கணக்கு.

அதைச் சொல்லித் தந்தவர் கேப்டன் காதர். பண்டார் பாருக்காரர், தமிழ் முஸ்லிம், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு எங்கள் நிறுவனத்தில் தலைமை விமானியாகச் சேர்ந்தவர். ஒல்லியான ஆள். சட்டைக் கையில் இஸ்திரி மடிப்பு மாலை வரை கலையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பான பதில் சொன்னால் திட்ட மாட்டார். பேனாவை மெதுவாக மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். மூடி விழும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டால், பாடம் நின்றுவிட்டது, சரியான பதிலோடு வரும்வரை மறுபடி தொடங்காது என்று அர்த்தம்.

முதல் நாள் என் எடையைக் கேட்டார். நூற்று முப்பது ராத்தல் என்றேன். அந்தக் காலத்தில் ரப்பர் பாலும் உரமும் ராத்தலில்தான். எங்கள் ஹெலிகாப்டர் கையேட்டில் இருந்த பவுண்டும் அதே கணக்கு. பூட்ஸ், தலையில் மாட்டும் ஒலிவாங்கி, சாப்பாட்டு டிபன் கேரியர் எல்லாவற்றோடும் என்னைத் தராசில் ஏற்றினார். நூற்று நாற்பத்தொன்று.

"பதினோரு ராத்தலை எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தே?"

"டிபன் கேரியர்ல கேப்டன்."

"சரி. இனிமே யாரையும் எடை கேக்காத. பொம்பளைங்க கொறைச்சுச் சொல்வாங்க. ஆம்பளைங்க வாயில வர்றதைச் சொல்வாங்க. மேனேஜரு கல்யாணத்தப்ப இருந்த எடையைச் சொல்வாரு. தராசுல ஏத்து. யாரா இருந்தாலும் ஏத்து."

அவர் எல்லாரையும் ஏற்றினார். நிறுவனத்தின் முதலாளியே ஒருமுறை செருப்போடு தராசில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

பாதிக் கணக்கு யாருக்கும் புரியும். காலி ஹெலிகாப்டருக்கு ஓர் எடை உண்டு. அதன்மேல் ஆள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேரும். கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. சந்தைக்குப் போகிறவர் கூடை தாங்குமா என்று பார்ப்பது போலத்தான் இதுவும். மீதிப் பாதி, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. என்னைத் திணற வைத்தது அதுதான்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேலே சுற்றும் சுழலியின் தண்டில் தொங்கும் பொருள். இதை நான் விளங்கிக்கொண்டது என் அம்மா பால் தூக்கும் கட்டையை நினைத்துத்தான். தோளில் கட்டை, இரு முனையிலும் பால் வாளி. ஒரு வாளி நிறைந்தும் மற்றது அரையாகவும் இருந்தால் அம்மா பாலைக் கொட்டிச் சமன் செய்ய மாட்டார். கனமான வாளி தோளுக்குக் கிட்டே வரும்படி கட்டையை நகர்த்திக்கொள்வார். எடை மாறவில்லை, தோளிலிருந்து அதன் தூரம்தான் மாறியது. அந்தத் தூரத்துக்குத்தான் எங்கள் கையேட்டில் ஆர்ம் என்று பெயர். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது மொமென்ட், அந்த எடை கட்டையைச் சாய்க்கிற வலு. எல்லாப் பொருள்களின் மொமென்ட்டையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால், அத்தனையும் ஒரே புள்ளியில் குவிந்தது போல ஓரிடம் கிடைக்கும். அதுதான் எடை மையம்.

தூரம் என்றால் எங்கேயிருந்து அளப்பது? ஹெலிகாப்டரின் மூக்குக்கு முன்னால் வெறும் காற்றில் ஒரு கோட்டைக் கற்பனை செய்து அதற்கு டேட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் "பெட்ரோல் தொட்டி இத்தனை அங்குலம்" என்று ஆரம்பித்தால் கேப்டன் "எங்க இருந்து?" என்று கேட்பார். கோட்டிலிருந்து என்று சொல்லாவிட்டால் பேனா மூடிவிடும். இது அவருக்கு எங்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம். சுங்கைப் பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் "பக்கத்துலதான் கேப்டன், நாலு கடை தள்ளி" என்று வழி சொன்னபோதும் "எங்க இருந்து?" என்றார். கடைக்காரர் அடுப்பை விட்டு வாசலுக்கே வந்து கையை நீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் இயந்திரத்தில் எடை மையம் முன்னும் பின்னும் நகர அனுமதித்த இடம் சில அங்குலம்தான். "அதுக்கு வெளிய போனா என்ன கேப்டன்?" என்று பிரியா கேட்டதையே நானும் ஒருநாள் கேட்டேன். அவர் என்னை நின்றுகொண்டிருந்த ஹெலிகாப்டரில் உட்கார வைத்தார். இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுக்கச் சொன்னார். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். வயிற்றில் முட்டும்வரை இழுத்தேன்.

"இன்னும் இழு."

"இடமில்ல கேப்டன்."

"மூக்கு இன்னும் எறங்குது. இழு."

மறுபடி இழுத்தேன். குச்சி நகரவில்லை.

"அதான் வெளிய போறது," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இனி வருவது விளங்காது. எங்கள் பெட்ரோல் தொட்டிகள் தண்டுக்குப் பின்னால் இருந்தன. பெட்ரோல் குறையக் குறையப் பின்பக்கம் லேசாகி, எடை மையம் முன்னால் வரும். புறப்படும்போது சரியாக இருப்பது இறங்கும்போது சரியாக இல்லாமல் போகலாம். அதனால் கணக்கை இரண்டு முறை போட வேண்டும், புறப்பாட்டுக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. முன்பாரம் கூடினால் ஈடுகட்ட, வால் நுனிக்கருகே மூடியுள்ள சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஈயத் தகடுகளை வைத்துத் திருகி மூடுவோம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் பண்டார் பாரு பக்கம் ஆறு கரை தாண்டியது. உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போகும் சாலை முழுதும் தண்ணீர். ஒரு காலையில் அந்தத் தோட்டத்து மேனேஜர் எங்கள் மருந்தடிப்பு முகாமுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். தொழிலாளர்களுக்கு மேலாளான மண்டோர் வேலாயுதத்துக்கு முதல் நாளிலிருந்து வயிற்றுவலி, குடல்வால் வெடித்துவிட்டது போலிருக்கிறது, படகில் கொண்டு போனால் தாங்க மாட்டார் என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரஸ்ஸர் சொல்கிறார் என்றார். மருந்தடிக்கும் தொட்டிகளைக் கழற்றிவிட்டு கேப்டன் புறப்பட்டார். கீழே உதவிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் அப்போது மாணவன். ஆள் ஏற்றி ஓட்ட எனக்கு உரிமம் கிடையாது.

தோட்டத்துப் பந்துத் திடல் மேட்டில் இருந்ததால் அங்கே இறங்கினோம். மொத்தத் தோட்டமும் கூடியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த மண்டோரைப் பார்த்ததும் என் கண் முதலில் எடையைத்தான் மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய உருவம். விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி வந்தால் கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவர் அவர்தானாம். பத்துப் பேர் இழுத்தாலும் அசைய மாட்டாராம். எங்கள் ஹெலிகாப்டரில் ஒரே வரிசையில் மூன்று இருக்கைகள் மட்டுமே, ஸ்ட்ரெச்சருக்கு இடமில்லை.

டிரஸ்ஸர் தேவசகாயம் என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் கேப்டனிடம் நேராகச் சொன்னார். "இன்னைக்கு ஆபரேஷன் பண்ணணும் கேப்டன். நாளைக்குனா நான் பொறுப்பில்ல."

கேப்டன் தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கூலிம் ஆஸ்பத்திரித் திடல்ல எறங்குறோம். கணக்கு நீ போடு. நான் மரத்தையும் காத்தையும் பாத்துட்டு வாறேன்." திடலின் ஓரமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.

திடலை ஒட்டி உரக் கிடங்கு. அதில் உர மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. மண்டோரை அதில் வையுங்கள் என்றேன். ஒரு கணம் யாரும் நகரவில்லை. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு வாலிபன் கத்தினான்.

"மனுசன் உசுரு போகுது, இவரு நிறுத்துப் பாக்குறாரு! என்னாங்கடா, மண்டோர் என்ன ரப்பர் ஷீட்டா?"

நாலைந்து பேர் என் பக்கம் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து மண்டோரின் குரல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "டேய்... ஷீட்டுன்னாலும் நிறுத்துத்தாண்டா லாரியில ஏத்துவோம். வைங்கடா."

வைத்தார்கள். தராசின் எடையைச் சத்தமாகப் படித்துச் சொல்வது எங்கள் பழக்கம். கேட்கிற இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும், எண் தவறாமல் இருக்க. "இருநூத்தி அறுபத்தி ரெண்டு," என்று நான் கூவினேன். திருப்பிச் சொல்ல எங்கள் ஆள் யாரும் இல்லை. ஆனால் ஒரு பெண்குரல் சொன்னது. "இருநூத்தி அறுபத்தி ரெண்டு." மண்டோரின் மனைவி அஞ்சலை. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பியபடி சொன்னார். சொல்லிவிட்டு, தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் ஓடினார்.

மண்டோரைப் பாயில் மாற்றி ஸ்ட்ரெச்சரைத் தனியாக நிறுத்தேன். இருபத்திரண்டு. ஆக ஆள் மட்டும் இருநூற்று நாற்பது. டிரஸ்ஸரையும் அவருடைய பையையும் நிறுத்தேன். கேப்டன் எடை எனக்கு மனப்பாடம்.

மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருந்த பெட்ரோலோடு கேப்டன், மண்டோர், டிரஸ்ஸர் மூவரும் ஏறினால் மொத்த எடை வரம்பைத் தாண்டியது. கூலிம் வரை போகவும், அவசரத்துக்குக் கொஞ்சம் மிஞ்சவும் வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை இறக்கினால் வரம்புக்கு நாற்பது ராத்தல் கீழே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. பக்கவாட்டுச் சமனும் இடம் கொடுத்தது. பிறகு மொமென்ட்டுகளைக் கூட்டி வகுத்தேன். எடை மையம் முன் எல்லையைக் கால் அங்குலம் தாண்டி நின்றது. மூவரின் எடையும் முன்னால். பெட்ரோலை இறக்கியதால் பின்பக்கம் லேசு. எடையைச் சரிசெய்ய நான் எடுத்த நடவடிக்கையே சமனைக் கெடுத்திருந்தது. இறங்கும்போது இன்னும் கொஞ்சம் மோசம். மறுபடி போட்டேன். அதே விடைதான் வந்தது.

கேப்டன் திரும்பி வந்தார். சொன்னேன். தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

"என்ன செய்யலாம்?"

"டிரஸ்ஸரை விட்டுட்டா ரெண்டும் சரியாகுது கேப்டன்."

கேப்டன் பாயில் கிடந்த மண்டோரைப் பார்த்தார். வலி வரும்போதெல்லாம் மண்டோரின் கால் தானாக உதைத்து நீண்டது. "பறக்குறப்ப இந்தக் கால் எங்க போகும்?"

கட்டுப்பாட்டு மிதிகள் விமானியின் காலடியில் இருக்கின்றன. நடுவில் ஓர் ஆள் சுவர் மாதிரி உட்கார்ந்து மண்டோரைப் பிடித்துக்கொள்ளாமல் புறப்பட முடியாது.

"ஈயத் தகடு?"

"முகாம் ஷெட்டுல கேப்டன்." மருந்தடிக்கும் நாள்களில் அது தேவைப்படாது, கழற்றி வைத்திருப்போம்.

அப்போதுதான் அஞ்சலை திரும்பி வந்தார். கையில் புது வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டை. மஞ்சள் தடவிய கயிறு.

"தம்பி, அவரு எடைக்கு எடை உப்பு போடுறேன்னு அம்மாவுக்கு நேந்துட்டேன். இது மொத பத்து ராத்தல். அவரு கால் தரையை விட்டுக் கெளம்புறப்ப இது கூடவே இருக்கணும். திரும்பி வந்து கோயில்ல சேத்துருவோம்."

"சாமான் எதுவும் ஏத்த முடியாதுக்கா. அவரை ஏத்துறதே கஷ்டமா இருக்கு."

அவர் என்னிடம் வாதாடவில்லை. கணவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மண்டோர் கண்ணைத் திறந்தார்.

"அது வராட்டி நானும் வரல தம்பி."

டிரஸ்ஸருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, வயித்துக்குள்ள சீழ் பரவிக்கிட்டிருக்கு. இப்ப உப்பா முக்கியம்?"

"ஒனக்கு அது உப்பு," என்றார் மண்டோர். "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா அவ எதைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா?"

கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையைப் பார்த்தேன். பிறகு தாளை எடுத்தேன். பத்து ராத்தல் இருக்கையில் இருந்தால் ஒன்றுமில்லை. வால் பெட்டியில் இருந்தால் அதன் தூரம் பெரிது. பெருக்கினேன், கூட்டினேன், வகுத்தேன். எடை மையம் அரை அங்குலம் பின்னால் போய் எல்லைக்குள் உட்கார்ந்தது. இறக்கத்துக்குப் போட்டேன். அப்போதும் உள்ளேதான்.

"கேப்டன், வால்ல பத்து ராத்தல் வச்சாப் போதும்."

"எதா இருந்தாலும் போதுமா?"

"எதா இருந்தாலும். இரும்பு, உரம், எதுவும்."

"அப்ப அந்தம்மா கையில இருக்கறதை நிறுத்து வை."

"பத்து ராத்தல்னு சொன்னாங்களே கேப்டன்."

கேப்டன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, திறக்காமலே, மூடியை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்ப வைத்தார். நான் மூட்டையோடு தராசுக்கு ஓடினேன். பத்தரை ராத்தல். சாமிக்கு என்று சொன்னால் தோட்டத்துக் கடைக்காரர் ஒரு கைப்பிடி கூடப் போடுவாராம்.

உப்புக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது என்பதால் உரப்பையின் உள்ளுறையில் மூட்டையைச் சுற்றி இறுகக் கட்டினேன். மிகுதிப் பெட்ரோலை டிரம்மில் இறக்கிய பிறகு, மூட்டையை வால் பெட்டியில் வைத்துத் திருகும்போது கேப்டன் அஞ்சலையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாத்துக்கங்கம்மா. உங்க உப்பு இங்க. அவரு முன்னால."

"பின்னால வச்சா பரவாயில்லையா தொரை?"

"பின்னால வச்சாத்தான் போகவே முடியும்."

கேப்டன் ஹெலிகாப்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினார். நான் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கீழே இருக்கும் சறுக்குக் கட்டைகள் தரைக்குச் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். மூக்கு லேசாகத் தாழ்ந்திருந்தது, அந்தப் பாரத்துக்கு இருக்க வேண்டிய அளவுதான். கண்ணாடிக்குள்ளே குச்சியைப் பிடித்த அவர் கை தெரிந்தது. கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. கட்டை விரலை உயர்த்தினேன். அவர் ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறி வடக்கே திரும்பினார். சத்தம் அடங்கிய பிறகுதான் என் கால் மரத்துப் போயிருந்தது தெரிந்தது.

நான் இறங்கிய இடத்திலேயே விடப்பட்ட எடை. அஞ்சலையும் அப்படித்தான். கிடங்குப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நான் கணக்கை இன்னொரு தாளில் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்.

"தம்பி வேதக்காரங்களா?"

"ஆமாக்கா."

"உங்க சாமிக்கு எடை போடுற பழக்கம் உண்டா?"

"இல்லக்கா."

"அப்புறம் எப்படி அவரைத் தராசுல வைக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு?"

"அது ஹெலிகாப்டர் பழக்கம்க்கா."

அவர் என் பதிலை நம்பியதாகத் தெரியவில்லை. "எத்தனை தடவ கணக்குப் போடுவீங்க? சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப தாளை மடிச்சு வைங்க தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

மடித்து வைத்தேன். பிற்பகலில் மேனேஜர் அலுவலக வாசலுக்கு வந்து கையை அசைத்தார். ஆள் உயிரோடு போய்ச் சேர்ந்துவிட்டார், அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி. பிழைப்பாரா என்பது தெரிய இன்னும் சில நாள் ஆயிற்று. பிழைத்தார்.

முகாமில் எங்கள் சீன மெக்கானிக் ஆ செங் வால் பெட்டியைத் திறந்தபோது நான் அங்கில்லை. தண்ணீர் வடியும்வரை தோட்டத்தில்தான் இருந்தேன். ஆ செங் பாடாங் செராயில் வளர்ந்தவன், எங்களைப் போலவே தமிழ் பேசுவான். "உப்பா? கேப்டன், என் ஹெலிகாப்டரைக் கருவாடா போடப் போறீங்க?" என்று கத்தினானாம். வால் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தானாம். ஒரு பொட்டு உப்புகூடச் சிந்தவில்லை என்று கேப்டன் சொன்னதை அவன் கடைசிவரை ஏற்கவில்லை. சாலை திறந்த பிறகு மூட்டையைக் கேப்டனே தன் காரில் தோட்டத்துக்கு எடுத்துப் போய் அஞ்சலையிடம் கொடுத்தார்.

அதன்பின் எனக்கு உரிமம் கிடைத்தது. எண்பதுகள் முழுக்கக் கெடாவின் மரங்களுக்கு மேலே பறந்திருக்கிறேன். ஆனால் பிரியாவுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த ஒரு காலையைத்தான். அதன் கடைசிப் பகுதி, அடுத்த திருவிழாவில் நடந்தது.

கேப்டனையும் என்னையும் அழைத்திருந்தார்கள். கோயில் முன்னால் பந்தல் விட்டத்தில் பெரிய தராசு தொங்கியது. கயிற்றில் கட்டிய இரண்டு பலகைகள்தான் தட்டு. மண்டோர் குளித்து வேட்டி கட்டி வந்தார். ஆஸ்பத்திரியும் பத்தியச் சாப்பாடும் அவரைப் பாதியாக்கியிருந்தன. கோயில் கமிட்டித் தலைவர் உப்பு மூட்டைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவ்வளவு எதுக்கு? இப்ப இருக்கற எடைக்குப் போட்டாப் போதும்மா."

"இருநூத்தி அறுபத்தி ரெண்டு," என்றார் அஞ்சலை.

"அது அன்னைக்கு. அதுலயும் ஸ்ட்ரெச்சரு இருபத்தி ரெண்டு ராத்தலாமே. சாமிக்கு ஸ்ட்ரெச்சருக்குமா நேந்தே?"

"இந்தத் தம்பி சத்தமா சொன்ன எண்ணைத்தான் நான் அம்மாகிட்ட சொன்னேன். சொல்லிட்டுக் கழிக்கலாமா?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. கழிக்கணுமா?"

காலி எடையைக் கழித்துப் பார்ப்பதுதான் என் தொழில். கேப்டன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்க்கா. இருக்கட்டும்."

மண்டோர் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர்த் தட்டில் மூட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். பாதிக்கு மேல் போனதும் அவர் பலகை தரையை விட்டுக் கிளம்பியது. மீதியையும் வைத்தார்கள். உப்பு தரையில் உட்கார்ந்துவிட்டது. மண்டோர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி எங்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தார். கயிறு இழுத்தால் அசையாத மனிதர் இப்படித் தொங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். "ஏய், எறக்குங்கப்பா," என்றார் மண்டோர் வெட்கத்தோடு.

சமமாக்கலாம் என்று கமிட்டித் தலைவர் ஒரு மூட்டையைத் தூக்கக் குனிந்தார். அஞ்சலை அவர் கையைத் தடுத்தார்.

"எடுக்காதீங்க. அவரு மேலயே இருக்கட்டும்."

பூசாரி கற்பூரம் காட்டி முடிக்கும்வரை யாரும் அவரை இறக்கவில்லை.